இம்மணி யார் கையினது?

கண்ணாடி மணியைப் பற்றிப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நேயர்களில் சிலர் வினவக்கூடும். மணி சிறியதுதான். ஆனால் ஒருவர் செய்த பொருளை மற்றொருவர் தம் கையால் செய்ததென்று எழுதி வைத்து, முகமறியாத கிராக்கியிடம் ஏலத்தில் விற்பது சிறிய விஷயமன்று. இணைய ஏலங்கள் தோன்றிய நாள் முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது நடந்து வருகிறது. அவ்வாறு பெயர் மாறி விலைபோகும் மணிகளில் ஒரு பகுதி நம் தேசத்து ஏழைத் தொழிலாளிகளின் விரல்களில் உருவானவை. ஆகவே இவ்விவகாரத்தில் வாய் திறக்க நமக்கும் பாத்தியதை உண்டு.

லாம்ப்வொர்க் என்று அவ்வியாபாரத்தில் வழங்கும் மணி எவ்வாறு உருவாகிறதென்பதை அறிந்தாலன்றி மோசடியின் தன்மை விளங்காது. மெல்லிய எஃகுக் கம்பியொன்றைக் களிமண் குழம்பில் தோய்த்து உலர்த்துகிறார்கள். எரிவாயுவும் பிராணவாயுவும் கலந்து சீறும் சுடரில் வர்ணக் கண்ணாடிக் கோலின் நுனியைக் காட்ட, அது தேன்போல் இளகுகிறது. இளகிய கண்ணாடியைக் கம்பியின்மேல் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கி, நூல் போன்ற வேறு வர்ணக் கோல்களால் அதன்மேல் புள்ளியும் கோடும் பூவும் இடுகிறார்கள். கம்பியைச் சுழற்றும் இடக்கை ஒரு கணம் நின்றாலும் மணி தொங்கிக் கோணிவிடும். வேலைப்பாடு மிகுந்த மணி ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆவதும் உண்டு.

சுடரை விட்டு எடுத்ததோடு வேலை முடிவதில்லை. உருவான மணியை 500 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேற்பட்ட வெப்பமுள்ள சிறு உலையில் வைத்து, பல மணி நேரம் படிப்படியாக ஆறவிட வேண்டும். திறந்த காற்றில் ஆறினால் வெளிப்புறம் முன்னதாக இறுகிவிடும். உட்புறம் பின்னர் சுருங்க முயன்று, இரண்டுக்கும் இடையே ஓயாத இழுபறி நிலைத்துவிடும். அத்தகைய மணி வாங்கிய அன்று முழுமையாகவும் அழகாகவும் இருக்கும். பின்னொரு நாள், கழுத்தில் கிடக்கும்போதே, காரணம் தெரியாமல் இரண்டாகப் பிளக்கும். உலையில் ஆறியதா, காற்றில் ஆறியதா என்பதைப் படத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. ஏலத்தில் வாங்குவோர் பார்ப்பதோ படத்தை மட்டுமே.

அமெரிக்காவில் இத்தொழில் சென்ற நூற்றாண்டின் இறுதியில் புத்துயிர் பெற்றது. 1993-இல் அந்நாட்டு மணித் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக் கொண்டார்கள். 1995-இல் ஈபே என்னும் ஏல நிலையம் இணையத்தில் தோன்றிற்று. வீட்டுக் கொட்டகையில் ஒரு சுடரும் ஓர் உலையும் வைத்துக் கொண்டு வேலை செய்த பலருக்கு, அவர்களில் பெண்கள் அநேகர், கடை வாடகையும் தரகும் இன்றி உலகமெங்கும் கிராக்கி கிடைத்தது. அது உண்மையான நன்மை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் திறந்த கதவு வழியே யார்தான் வரமாட்டார்? மொத்த வியாபாரியிடம் எடைக்கணக்கில் வாங்கிய சீன மணிகளையும் இந்திய மணிகளையும் ஐந்தாறாகப் பிரித்து, நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து, தம் பட்டறையில் தாமே செய்தவை என்ற பாவனையில் ஏலத்துக்கு விடும் ஆசாமிகள் புறப்பட்டார்கள். படம் பிடிக்கும் சிரமத்தைக்கூட ஏற்காமல் உண்மைத் தொழிலாளி வெளியிட்ட படத்தையே எடுத்துப் போட்டுக் கொள்வோரும் உண்டு. அசல் தொழிலாளிகள் தங்கள் சரக்கை அடையாளம் காட்ட, தம்மைத் தாமே பிரதிநிதித்துவம் செய்யும் கலைஞர் என்று பொருள்படும் எஸ்.ஆர்.ஏ. என்ற மூன்று எழுத்துகளை ஏலத் தலைப்பில் சேர்த்து வந்தனர். அம்மூன்று எழுத்துகளை எவரும் தட்டச்சிடலாம், கேட்பார் யார்?

இதில் ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். இப்போலி வியாபாரி எழுதும் வாசகங்களில் பல, எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் பொய்யாக இரா. கையால் செய்தது என்பான்; அது மெய்தான். சுடரில் செய்தது என்பான், அதுவும் மெய்தான். உத்தரப் பிரதேசத்தில் ஹாத்ரஸ் ஜில்லாவைச் சேர்ந்த பூர்தில்பூரில் சுடரின் முன் அமர்ந்து மணி செய்யும் மனிதனுக்கும் கைகள்தாம் இருக்கின்றன. பொய் அவ்வார்த்தைகளுக்கு இடையே, சொல்லாமல் விட்ட இடத்தில் இருக்கிறது. ஓஹாயோவிலோ ஆரிகானிலோ ஒரு வீட்டில் உருவானதென்று வாங்குவோர் நம்பும்படி எழுதி, அந்நம்பிக்கைக்கு உரிய விலையை வாங்கிக் கொண்டு, ஹாத்ரஸுக்குக் கொடுத்ததோ அதில் ஓர் அற்பத் துணுக்கு. அமெரிக்கத் தொழிலாளி தன் பிழைப்பை இழக்கிறான். இந்தியத் தொழிலாளி தன் பெயரை இழக்கிறான். முன்னவனுக்காவது முறையிடச் சங்கம் உண்டு. பின்னவனுக்குத் தன் மணி எந்த ஊரில் எந்தப் பெயரில் விற்றதென்பதே தெரியாது. இறக்குமதிச் சரக்கு என்றாலே மட்டம் என்று மேல்நாட்டார் சிலர் பேசும் பேச்சை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மட்டமாவது சரக்கை ஆறவிடாமல் அவசரப்படுத்தும் கூலியினால். தொழிலாளி பிறந்த தேசத்தினால் அல்ல.

சட்டம் என்ன சொல்லுகிறது? வக்கீல் தொழில் பழகியோருக்கு இங்கே ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வராமற் போகாது. 1603-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான சாண்டெலர் எதிர் லோபஸ் என்ற வழக்கில், பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லை விஷம் முறிக்கும் பெஸோவர் கல் என்று சொல்லி 100 பவுனுக்கு விற்றார். அது பெஸோவர் கல் அன்று. நியாயஸ்தலமோ, வெறுமனே இன்ன பொருள் என்று சொன்னது உத்தரவாதம் ஆகாது என்று கூறி வாங்கினவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டது. வாங்குவோன் விழித்திருக்கக் கடவன் என்னும் கொள்கைக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. அக்கொள்கை அப்படியே நிலைக்கவில்லை. நமது 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, வர்ணனை சொல்லி விற்ற சரக்கு அவ்வர்ணனைக்குப் பொருந்தியாக வேண்டும் என்கிறது. அமெரிக்க மாகாணங்களின் வர்த்தகச் சட்டமும் விற்பனைக்கு அடிப்படையான வர்ணனையை உத்தரவாதமாகவே கொள்கிறது. ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இருபது டாலர் மணிக்காக எவர் கோர்ட்டு ஏறுவர் என்பதே கேள்வி.

ஏலக் கம்பெனியைப் பிடிக்கலாமென்றால் அதுவும் எளிதன்று. டிஃபனி என்னும் நகைக் கம்பெனி ஈபேயின்மீது தொடுத்த வழக்கில், 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டுக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தன் சந்தையில் போலிகள் விற்கின்றன என்று பொதுவாகத் தெரிந்திருந்தால் போதாது, இன்ன விற்பனை போலி என்று குறிப்பாகத் தெரிந்த பின்பும் இடங்கொடுத்தால்தான் வர்த்தகக் குறி விஷயத்தில் பொறுப்பு வரும் என்பது அதன் சாரம். டிஃபனி போன்ற கோடீஸ்வரக் கம்பெனி ஆள் வைத்து ஒவ்வொரு ஏலமாகத் துருவிப் புகார் எழுதலாம். கொட்டகையில் மணி செய்பவளுக்கு வர்த்தகக் குறியும் இல்லை, ஆளும் இல்லை. 2023 ஜூன் மாதத்தில் அமலுக்கு வந்த வேறொரு அமெரிக்கச் சட்டம், பன்னிரண்டு மாதங்களில் 200 விற்பனையும் 5,000 டாலர் வருமானமும் எட்டிய வியாபாரிகளின் விலாசத்தையும் வரி எண்ணையும் சந்தைக்காரர் விசாரித்து வைக்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடே; ஆனால் அது விற்பவன் யார் என்று கேட்கிறதேயொழிய, செய்தவன் யார் என்று கேட்பதில்லை.

சுங்கச் சட்டத்திலுள்ள ஓட்டை இன்னும் வேடிக்கையானது. அமெரிக்காவின் 1930-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டப்படி இறக்குமதிச் சரக்கு ஒவ்வொன்றிலும் அது உற்பத்தியான தேசத்தின் பெயர் பொறித்திருக்க வேண்டும். ஆனால் 1937-க்கு முந்திய ஐந்து வருஷங்களில் பெயர் பொறிக்காமலே ஏராளமாக வந்து பழகிய சரக்குகளுக்கு விலக்களித்து ஒரு ஜாபிதா உண்டு. கோக்காத மணிகள் அதில் சேர்ந்திருக்கின்றன! பெட்டியின்மேல் தேசப் பெயர் இருந்தால் போதும்; மணியின்மேல் வேண்டியதில்லை. கடுகளவு மணியில் எழுத்துப் பொறிப்பது எப்படி என்று கேட்பது நியாயமே. ஆயினும் பெட்டியைப் பிரித்தவுடன் மணி தேசமற்றதாகிவிடுகிறது. அந்தக் கணத்தில்தான் ஏலக்காரன் அதற்குப் புதிய பிறப்பிடம் கற்பிக்கிறான்.

இந்த நோய்க்கு வெனிஸ் நகரத்தார் பழைய நோயாளிகள். 1291-இல் கண்ணாடி உலைகளை மூரானோ தீவுக்குக் கொண்டுபோகும்படி கட்டளை பிறந்த நாளிலிருந்து அத்தீவின் பெயரே ஒரு மூலதனம். அதை அந்நியர் களவாடுவதைத் தடுக்க, வெனெட்டோ பிரதேச அரசாங்கம் 1994-இல் சட்டமியற்றி மூரானோ கண்ணாடிக்கென ஒரு முத்திரையை ஏற்படுத்திற்று. கண்ணாடி மணிக் கலையை 2020-இல் யுனெஸ்கோ, இத்தாலிக்கும் பிரான்சுக்கும் உரிய மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. கைத்தொழில் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு வழங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2023-இல் நிறைவேறி, 2025 டிசம்பர் முதல் தேதியிலிருந்து அமலாகிறது. பெயரைக் காப்பது ஆடம்பரம் என்று அவர்கள் கருதவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

பழம்பொருள் என்று ஏலம் விடும் மணிகளின் கதை வேறு. முன்னொரு காலத்தில் வெனிஸிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்ற பூவேலை மணிகள் இப்போது பழம்பொருளாகத் திரும்பி வந்து நல்ல விலை பெறுகின்றன. அவற்றைப் பார்த்து நேற்றுச் செய்த மணியைத் தேய்த்து மங்கலாக்கி முதுமை ஏற்றுவது கடினமான வித்தையன்று. இந்தியாவின் புராதன மணிகள் என்று யாரேனும் விற்றால் அவரை நாம் ஒன்று கேட்போம். 1945-இல் வீலர் துரை அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்தவற்றைப் போன்ற சிறு மணிகள் மெய்யாகவே நூறாண்டுக்கு மேற்பட்டவையாக இருந்து, அண்மையில் இந்நாட்டைவிட்டுச் சென்றிருந்தால், 1972-ஆம் வருஷத்துப் புராதனப் பொருள் சட்டப்படி அவை கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டவை. அவ்வளவு பழமை இல்லையென்றால் வர்ணனை பொய். வியாபாரி இரண்டில் எதை ஒப்புக்கொள்கிறார்?

பெயரைச் சட்டத்தால் காக்க இயலாது என்போருக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. ஆலைத் துணியைக் கதர் என்று விற்று ஜனங்களை ஏமாற்றிய காலத்தில், 1934-இல் கதர் என்ற பெயரைப் பாதுகாக்கவே ஒரு சட்டம் வந்தது. கையால் நூற்ற நூலைக் கொண்டு கைத்தறியில் இந்தியாவில் நெய்த துணிக்கே அப்பெயர் என்று அது வரையறுத்தது. அந்நிய ஆட்சியில் முடிந்த காரியம் இன்று முடியாதா? 2020-ஆம் வருஷத்து இணைய வர்த்தக விதிகள், விற்கும் சரக்கின் உற்பத்தி தேசத்தைக் குறிக்க வேண்டுமென்று நம் நாட்டு வியாபாரிகளுக்கு விதித்திருக்கின்றன. வாராணசியின் கண்ணாடி மணிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பூர்தில்பூர்த் தொழிலாளிகளுக்கும் அவ்வாறு ஒரு குறி பெற்றுத் தருவதும், அப்பெயர் பொறித்த அட்டையோடன்றி மணிகள் துறைமுகம் கடக்காதபடி ஏற்றுமதியாளரைக் கட்டுப்படுத்துவதும் மத்திய சர்க்காரின் கடமை. ஏலக் கம்பெனிகளும் கையால் செய்தது என்ற சொல்லோடு செய்தவர் பெயரையும் ஊரையும் எழுத இரண்டு கட்டங்கள் வைத்து, அவற்றை நிரப்பாத ஏலத்தை ஏற்க மறுக்கட்டும். எட்ஸி என்னும் சந்தை 2024-இல் விற்பவரே செய்தது, விற்பவர் வரைந்து கொடுத்தது, தேர்ந்தெடுத்து விற்பது எனச் சரக்குகளை இனம் பிரிக்கத் தொடங்கியது. பூரணமான பரிகாரம் அன்றாயினும், செய்ய முடியாத காரியம் இது என்ற சாக்கு அத்தோடு ஒழிந்தது.

இதற்கிடையில் வாங்குவோர் சில விஷயங்களில் கருத்தாயிருக்க வேண்டும். நல்ல மணியின் துளையோரம் உட்குழிந்து வழவழப்பாக இருக்கும். கூரிய முனை நீட்டிக் கொண்டிருந்தால் அது நூலை அறுக்கும். துளைக்குள் வெண்மையான களிமண் பொடி அப்படியே ஒட்டியிருப்பது அவசர வேலைக்கு அறிகுறி. ஒரே மாதிரியான மணிக்கோவையை ஒருவர் வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் விற்பாராயின், அவருக்கு எத்தனை கைகள் என்று கணக்கிட்டுப் பார்ப்பது உத்தமம். ஏலம் கேட்கும் முன்னரே விற்பவருக்கு எழுதி, இதைச் செய்தவர் யார், எந்த ஊரில், உலையில் ஆறவிட்டதா என்று மூன்று கேள்விகள் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக் கொள்ளலாம். ஈபேயில் வர்ணனைக்குப் பொருந்தாத சரக்கைப் பற்றி அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். முறையீட்டோடு அனுப்ப, ஏலம் நடந்தபோது இருந்த வர்ணனையின் பிரதியையும் எடுத்து வைத்திருத்தல் அவசியம். ஏலம் முடிந்தபின் அப்பக்கம் நெடுநாள் நிற்பதில்லை.