மையும் கண்ணாடியும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சீனாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது ஏற்றுமதிப் போட்டி, விலை, இயந்திரம் என்றுதான் ஓடும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் தொங்கும் கண்ணாடி ஓவியங்களிலும் சீனத்தின் கை உண்டு என்பது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அந்த உறவைத் தேடிப் பதிவு செய்தவர் ஓவியர் ஜெயா அப்பாசாமி.

1918-இல் சென்னையில் பிறந்தவர். ஓவியம் படித்தது தாகூரின் சாந்திநிகேதனில். அங்கே சீனம் அந்நியம் அல்ல. அங்கே ஓவியம் கற்பித்த நந்தலால் போஸ் 1924-இல் தாகூருடன் சீனா போய் வந்தவர்; 1937-இல் சீன ஆய்வுக்கான சீன பவனம் அங்கே திறக்கப்பட்டது; 1940-இல் புகழ்பெற்ற சீன ஓவியர் சூ பெய்ஹோங் அங்கே தங்கி வரைந்தார். 1940களின் இறுதியில் இந்திய அரசின் உதவித்தொகையில் ஜெயா பெய்ஜிங் சென்று சீன ஓவியம் கற்றார்.

சீன மை ஓவியத்தில் மெல்லிய காகிதம் மையைச் சட்டென்று உறிஞ்சிவிடும். தூரிகை பட்டது பட்டதுதான், அழித்து வரைய வழியில்லை. மூடுபனியையும் நீரையும் பெரும்பாலும் தீட்டுவதில்லை. காகிதத்தை வெறுமையாக விட்டாலே போதும். ஜெயாவின் நிலக்காட்சிகளில் ஆட்கள் அரிதாகவும் வெளி தாராளமாகவும் இருப்பதில் இந்தப் பாடம் தெரிகிறது. சீன மலைகளை அவர் நகல் எடுக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

பின்னாளில் கலை வரலாறு எழுதத் தொடங்கியவர், வேறொரு சீனத்தைச் சந்தித்தார். அது அறிஞர்களின் மை ஓவியம் அல்ல, கடைத்தெருச் சரக்கு. ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்குப் போன கண்ணாடி ஓவியக்கலை, கான்டன் துறைமுக வணிகத்தோடு 18-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. சீன ஓவியர்கள் சிலர் இங்கேயே தங்கி வரைந்தார்கள். தஞ்சாவூர்க் கலைஞர்கள் அதை வாங்கி, வெண்ணெய்க் கண்ணனையும் ராமர் பட்டாபிஷேகத்தையும் ஏற்றினார்கள்.

வேலை தலைகீழானது. கண்ணாடியின் பின்பக்கம் வரைவதால், கடைசியில் தீட்ட வேண்டிய கண்ணையும் நகையையும் முதலில் தீட்ட வேண்டும். அப்புறம் உடல், உடை, இறுதியில் பின்னணி. வலம் இடமாகும். தஞ்சாவூர்ப் பலகைப் படத்தில் கல் பதித்து எழுப்பும் மினுக்கை இங்கே பின்னால் ஒட்டிய தகடு கொடுக்கிறது.

கலைக்கூடங்கள் மலிவுச் சரக்கென்று ஒதுக்கிய இந்தப் படங்களை ஜெயா சேகரித்தார், தனி நூலே எழுதினார். தஞ்சை மராட்டியர் கால ஓவியம் பற்றிய அவரது நூல் 1980-இல் வந்தது. 1984-இல் அவர் மறைந்தார். அவரது நிலக்காட்சிகளைவிட இந்த ஆய்வே இன்று அதிகம் பேசப்படுகிறது. அவருக்குள் இருந்த ஓவியருக்கு இதில் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம்.