உதவிக்கு வருபவரின் பதிவிலக்கம்

2004 டிசெம்பர் 26 அன்று வடமராட்சி கிழக்கைக் கடல் அள்ளிக்கொண்டு போனபோது யாழ்ப்பாணக் குடாநாடு இரண்டு அதிகாரங்களின் கீழ் இருந்தது. யாழ்ப்பாணமும் பருத்தித்துறையும் அரசாங்கத்தின் பக்கம். நாகர்கோவிலுக்கு அப்பால் மருதங்கேணி, தாளையடிக் கரைகள் விடுதலைப் புலிகளின் பக்கம். போர் முடிந்ததோடு அந்தக் கோடு அழிந்தது. ஆனால் ஆபத்தில் கை கொடுப்பவர்களுக்கு இடையிலுள்ள நிருவாகக் கோடுகள் அழியவில்லை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. பருத்தித்துறை, சாவகச்சேரி போன்ற ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்துக்கு உரியவை. யாழ்ப்பாணத்தின் தீயணைப்புப் படை மாநகர சபையுடையது; 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது அதுவே ஆனையிறவு தாண்டிப் போக வேண்டியிருந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸோ தனிச் சட்டத்தால் அமைந்த ஒரு மன்றத்தின் வண்டி. ஒரே விபத்து இடத்தில் நான்கு மேலிடங்களுக்குப் பதில் சொல்லும் நால்வர் நிற்கலாம். பேரிடர் என்றால் இவர்களோடு வெளிநாட்டுக் குழுக்களும், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஓடிவரும் எங்கள் வைத்தியப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். இவர்களுடைய தகுதியை யார், எப்போது பார்ப்பது?

வண்டி புறப்படுவதற்கு முன், அனுப்பும் நிறுவனமும் ஏற்கும் நிறுவனமும் பார்த்து முடித்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். காயப்பட்டவரின் தலைமாட்டில் நின்று அத்தாட்சிப் பத்திரம் புரட்டுவது யாருக்கும் உதவாது. பார்க்க வேண்டியவை மூன்று: இவர் தான் சொல்கிற ஆள்தானா, இந்த வேலைக்குத் தகுதி உள்ளவரா, பிழை நேர்ந்தால் யாரிடம் பதில் சொல்வார். முதலிரண்டையும் ஓரளவுக்கேனும் கேட்கிறோம். மூன்றாவதைக் கேட்பவர் அரிது. பிரித்தானியாவில் இருபது வருடம் சத்திரசிகிச்சை செய்தவரின் திறமையை ஒருவரும் மறுக்கப் போவதில்லை. ஆயினும் அந்த நாட்டுப் பதிவு இங்கே செல்லாது. இலங்கையில் வைத்தியம் பார்க்க இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். வெளிநாட்டவருக்குத் தற்காலிகப் பதிவு என்றொரு வழியும் உண்டு. பதிவு இல்லாதவர் தவறு செய்தால் அவரை விசாரிக்க இங்கே எந்தத் தொழில்முறைச் சபையும் இல்லை. பாதிக்கப்பட்டவர் முறையிடப் போவதற்குள் அவர் விமானம் ஏறியிருப்பார்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டில் நில அதிர்வு நேர்ந்தபோது, உலகெங்கிலுமிருந்து மருத்துவக் குழுக்கள் கேட்டும் கேளாமலும் வந்து இறங்கின. பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன. அதேவேளை பேரிடர் அனுபவமற்றவர்கள் செய்த சிகிச்சைகள் பற்றியும், கால் கை அகற்றப்பட்டபின் தொடர்ந்து கவனிக்க ஆளின்றி விடப்பட்ட நோயாளர் பற்றியும் கடும் விமர்சனங்கள் எழுந்தன. அதன் விளைவாகவே உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கான வகைப்பாட்டையும் ஆகக்குறைந்த தரங்களையும் வெளியிட்டது. குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் சொந்த நாட்டில் பதிவு பெற்றவராகவும், ஒப்படைக்கப்பட்ட வேலைக்கு உரிமம் உள்ளவராகவும் இருக்க வேண்டும் என்பது அதில் அடிப்படை. சத்திரசிகிச்சை செய்யும் இரண்டாம் வகைக் குழு என்று சொல்லிக்கொள்ள, குறைந்தது 20 படுக்கைகளும் நாளொன்றுக்கு 7 பெரிய சத்திரசிகிச்சைகள் செய்யும் வல்லமையும் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டியபோது இந்திய இராணுவத்தின் கள மருத்துவமனை மஹியங்கனையிலும் ஜப்பானிய மருத்துவக் குழு சிலாபத்திலும் இயங்கின. அரசுகள் பேசி அனுப்பிய இத்தகைய குழுக்களின் பொறுப்பாளி யார் என்று தேட வேண்டியதில்லை. தனித்தனியாக வந்து சேருபவர்கள் விடயத்தில்தான் சிக்கல்.

ஆபத்து வேளையில் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் செத்துப்போவார் என்பார்கள். சரிதான், அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன். தெருவில் விழுந்தவரின் இரத்தத்தை அழுத்தி நிறுத்துபவரிடம் யாரும் பதிவிலக்கம் கேட்கத் தேவையில்லை. ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, வெட்டுவது, ஆளை இடம் மாற்றிக் கொண்டுபோவது என்று வரும்போதுதான் கேள்வி எழுகிறது. உதவ வந்தவரை இப்படிக் கேட்பது அவமரியாதை என்ற முறைப்பாடும் உண்டு. உண்மையான வைத்தியர் இதற்குக் கோபிப்பதில்லை. அவர் வேலை பார்க்கும் நாட்டில் பதிவைக் காட்டாமல் ஒரு வார்ட்டுக்குள்ளும் நுழைய முடியாது. இப்படி இறுக்கினால் ஆள் கிடைக்காது என்பதே இவற்றுள் கனமான ஆட்சேபம். இதற்கு எங்கள் ஊரே பதில் வைத்திருக்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வெளிநாட்டு வைத்தியர்கள் போர்க்காலத்திலும் பருத்தித்துறை வைத்தியசாலையில் வேலை செய்தார்கள். அரச வைத்தியசாலைக்குள் அரசின் அனுமதியோடு. 1990 சேவையும் அப்படித்தான். இந்திய நன்கொடையில் அது 2016 இல் மேற்கு, தென் மாகாணங்களில் தொடங்கியபோது, இந்தியர்களே வந்து வண்டியில் நிற்பார்கள் என்று பெரும் எதிர்ப்பு கிளம்பியது. உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து, ஹைதராபாத்தில் பயிற்சி கொடுத்து, 2018 இல் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் மன்றம் ஒன்றை அமைத்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் சேவை யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. பயிற்சி எங்கிருந்து வந்தாலும் பொறுப்பு இங்கே நிற்கும்படி செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் பெறுமதியானவை. சிகிச்சை அளிப்பவரின் பெயர், பதிவிலக்கம், அனுப்பிய நிறுவனம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். கொடுத்த மருந்தையும் குறிக்கச் சொல்லுங்கள். மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பதிவைத் தேடிப் பார்க்கலாம். முகாமில் சீருடையோடு வந்து அடையாள அட்டை இலக்கமோ வங்கி விபரமோ கேட்பவரையும், தனித்து நிற்கும் பிள்ளையைக் கூட்டிப்போக முனைபவரையும் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திடமோ உறுதிப்படுத்தாமல் நம்ப வேண்டாம். சீருடை தைப்பது பெரிய வித்தையல்ல. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சந்தேகம் வலுத்தால் பொலிசுக்கு 119.

தவறு நடந்துவிட்டால், பதிவுபெற்ற வைத்தியர் மீது சத்தியக்கடதாசியோடு மருத்துவ சபைக்கு முறையிடலாம். பதிவின்றி வைத்தியம் பார்த்தல் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அரச ஊழியராக நடித்தல் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். இரண்டுக்கும் பொலிஸ் நிலையமே வாசல். ஆனால் இவையெல்லாம் நடந்தபின் செய்பவை. அடுத்த மாரிக்கு முன்னரே செய்யக்கூடியது ஒன்று உண்டு: 2016 ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். வெளியிலிருந்து வரும் வைத்தியர், தாதியர், மீட்புப் பணியாளரின் தகுதியைப் பார்க்கும் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருக்கு, வருபவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே பேணப்படுகிறது, தமிழ் தெரியாதவரோடு மொழிபெயர்ப்பாளரை அனுப்புவது யார் என்று மாவட்டச் செயலகத்தையும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தையும் தனித்தனியே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. ஊர்ச் சனசமூக நிலையம் ஒன்று முன்வந்தால் போதும். இரண்டு பதில்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று அங்கேயே மேசையில் வைத்துப் பார்க்கலாம்.