யானை நிற்கிறது என்று சொல்ல ஆளில்லாத காலம்

வால்பாறையில் காட்டை வெட்டித் தேயிலை நட்ட நாளிலிருந்து நெடுங்காலம் வரை, யானையிடம் மனிதன் பேசிய மொழி ஒன்றுதான்: சத்தம். தகர டின்னைத் தட்டுவார்கள், பட்டாசு கொளுத்துவார்கள், பந்தம் காட்டிக் கூட்டமாகக் கத்துவார்கள். 'போ' என்பதைத் தவிர அந்த மொழியில் வேறு சொல் கிடையாது. யானைக்கு அது பழகிப்போக அதிக நாள் ஆகாது. வெளியே வெடி வெடித்துக்கொண்டிருக்கும்போதே ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசியை எடுத்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போகும்.

ஆனால் ஆட்கள் செத்தது பெரும்பாலும் இந்த விரட்டலில் அல்ல. யானை அங்கே நிற்பது தெரியாமல் எதிரே போனதால்தான். வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் என்று காடுகள், நடுவே எஸ்டேட்டுகள். பகலில் தோட்டங்களுக்கு இடையே மிச்சமிருக்கும் சோலைத் துண்டுகளில் ஒதுங்கி நிற்கும் யானைகள், பொழுது சாயும்போது வெளியே நடக்கத் தொடங்கும். டவுனுக்குப் போன தொழிலாளி கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி லைன் வீட்டுக்கு நடப்பதும் அதே நேரம்தான். மூடுபனி வேறு. பத்தடி தூரத்தில் கறுப்பாக நிற்பது பாறையா யானையா என்று பிரித்தறிவதற்குள் காலம் கடந்துவிடும். அடுத்த எஸ்டேட்காரருக்கு மத்தியானமே தெரிந்த செய்தி, இவருக்கு வந்து சேர வழியே இருந்ததில்லை.

நமக்குள்ளேயே சேதி இப்படி எட்டாமல் நின்றபோது, யானைகள் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பதும் நமக்குத் தெரியாமல்தான் இருந்தது. காட்டில் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி சிதறி மேயும் கூட்டம், திடீரென்று ஒரே நேரத்தில் அசையாமல் நின்றுவிடும். பிறகு ஒரே பக்கமாக நகரும். பாகனும் வேட்டைக்காரனும் இதைப் பார்த்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் யானைக்கு ஏதோ தனி அறிவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நமக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியில் அவை பேசிக்கொள்ளலாம் என்பதை முதலில் ஊகித்தவர்களில் ஒருவர் நம் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். காட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்ததுதான் அவர் கருவி. அதற்குரிய புகழ் அவருக்கு இங்கேயே போதிய அளவு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அந்தத் தாழ்ந்த ஒலியை அளந்து காட்டியவர் அமெரிக்காவின் கேட்டி பெய்ன். திமிங்கிலப் பாட்டை ஆராய்ந்து வந்தவர். 1984-ல் போர்ட்லேண்ட் விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் அருகே நின்றபோது, காதில் எதுவும் விழாமலே காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயத்தில் ஆர்கனின் அடிக்கட்டை ஒலி உடம்பில் அதிர்ந்தது பிறகுதான் அவர் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் ஒலிப்பதிவு செய்து, நாடாவை வேகமாக ஓடவிட்டார். யானைகளின் பேச்சு கேட்டது. ஆசிய யானையின் அந்த உறுமல் 14 முதல் 24 ஹெர்ட்ஸ்; மனிதக் காது ஏறக்குறைய 20-க்குக் கீழே செவிடு. இவ்வளவு தாழ்ந்த ஒலி மரஞ்செடிகளில் அதிகம் தேயாமல் கிலோமீட்டர் கணக்கில் போகும். (வாசனையிலும் அவை சேதி அனுப்புகின்றன. ஆணை அழைக்கப் பெண்யானை சிறுநீரில் விடும் ஒரு வேதிப்பொருள், பல அந்துப்பூச்சி இனங்களும் துணைதேடப் பயன்படுத்தும் அதே பொருள் என்று 1996-ல் கண்டுபிடித்தார்கள். இத்தனை பெரிய உடம்புக்கும் அத்தனை சிறிய பூச்சிக்கும் ஒரே கடிதம்!)

இப்போது கணினியும் வந்து சேர்ந்துவிட்டது. கென்யாவில் பதிவான 469 உறுமல்களைக் கணினிக்குப் பழக்கி, யானைகள் ஒன்றையொன்று பெயர்போன்ற தனித்தனி ஒலியால் அழைக்கின்றன என்று 2024-ல் ஓர் ஆய்வு சொன்னது. தனக்கான அழைப்பை ஒலிபெருக்கியில் கேட்ட யானை, மற்றதற்கான அழைப்பைக் கேட்டதைவிட விரைவாக ஒலிபெருக்கியை நெருங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் கோவை மதுக்கரையில், யானைகள் ரயிலில் அடிபடாதிருக்க, ரயில்பாதையோரம் 12 கோபுரங்களில் கேமராக்கள் வைத்தார்கள். உடல் வெப்பத்தைக் கொண்டு இருட்டிலும் யானையைக் கண்டுகொள்ளும். வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும். லோகோ பைலட் வேகத்தைக் குறைப்பார்.

யானை மொழியைக் கணினி பெயர்த்துத் தரப்போகிறது என்ற உற்சாகப் பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வால்பாறையில் உயிரைக் காத்த கருவி மிகச் சாதாரணமானது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும், யானைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பிறகு, யானையை விட்டுவிட்டு மனிதர்கள் பக்கம் திரும்பினார்கள். யானைகள் நிற்கும் இடம் உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்தாக ஓடியது. 2011-லிருந்து கைபேசிக்குக் குறுஞ்செய்தி; வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. முக்கியமான வழிகளில் சிவப்பு விளக்குகள்: ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே தெரியும். அந்த விளக்கைப் போட அலுவலர் வரவேண்டியதில்லை. எண்ணைப் பதிவு செய்துகொண்ட உள்ளூர்க்காரர், யானையைப் பார்த்ததும் தன் கைபேசியிலிருந்தே எரியவிடலாம். எனக்கு இதில் மிகப் பிடித்தது இதுதான். சாவு எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்தது. 2015-ல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

ஆனால் இந்த வலை உள்ளூர்க்காரர்களைச் சுற்றிப் பின்னியது. பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, விடுமுறைக்கு வருகிறவர் அதில் இல்லை. யானை காதை விரித்து ஓரடி முன்வைத்தால், 'இதோடு நில்' என்கிறது. அது அவருக்குப் படமெடுக்க நல்ல தருணமாகத் தெரிகிறது. 2025 பிப்ரவரியில் மோட்டார் சைக்கிளில் வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் வால்பாறைச் சாலையில் யானை தாக்கி இறந்தார். இருபுறமும் வண்டிகள் நின்றுவிட்ட பிறகும் அவர் முன்னே சென்றதாகச் செய்திகள் கூறின. அப்படி வருகிறவர்களுக்கு இன்னமும் எதிரே வரும் டிரைவர் கையைக் காட்டி, "முன்னால ஆனை நிக்குது, கொஞ்சம் பொறுத்துப் போங்க" என்று சொன்னால்தான் உண்டு.