வானொலியில் நெளிந்த ஓசை, காலடியில் ஒரு சிறு பெட்டி

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னில் வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். பி.பி.சி. தமிழோசையாகட்டும் வெரித்தாஸ் வானொலியாகட்டும், சிற்றலையில் வரும் குரல் ஒரே சீராக வருவதில்லை. கிட்ட வரும், தூரப் போகும், தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல நெளியும். அந்த நெளிவுக்குள்ளே காதைக் கொடுத்துத்தான் எங்கள் ஊர்களின் பெயர்களைத் தேடினோம். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றுபோனது. ஆனால் அந்த நெளியும் ஓசை இன்னும் உலகில் கேட்கிறது, மின் கிற்றாரில்.

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துத் தேவாலயங்களிலும் திருமண மண்டபங்களிலும் மின் கிற்றார் வாசிப்பவரின் காலடியைக் கவனித்திருப்பீர்கள். தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய இரும்புப் பெட்டிகள் சில இருக்கும். அவர் காலால் ஒன்றை அமத்துவார், கிற்றாரின் ஓசை மாறிவிடும். அவற்றுக்குப் பெயர் பெடல். ‘அதெல்லாம் பொடியன்களின் வேலை’ என்று எங்கள் பெண்பிள்ளைகளை ஒதுக்கி, பாடகர் வரிசையில் மட்டும் நிறுத்திவிடுகிறோம். கருவியைத் தொடும் இடம் ஆண்பிள்ளைகளுக்கு என்றே ஆகிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தயக்கத்தில் பாதி போய்விடும்.

ஓசை நெளிவது ஏன்?

வானொலி அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி எங்களிடம் வருகிறது. ஒரே அலை இரண்டு மூன்று வழிகளில் வந்து சேரும். ஒரு வழி நீளம், மற்றது குறுகியது. ஊஞ்சலை இருவர் ஒரே நேரத்தில் தள்ளினால் அது உயரும். ஒருவர் தள்ளும்போது மற்றவர் மறித்தால் அடங்கிவிடும். அலைகளும் அப்படித்தான். சேர்ந்து வந்தால் ஓசை பெருகும், முரணி வந்தால் மங்கும். வான அடுக்கு அசைந்துகொண்டே இருப்பதால் ஓசையும் அலைந்துகொண்டே இருக்கும்.

1960களில் யப்பானில் ஷின்-எய் நிறுவனத்துக்காகக் கருவிகளை வடிவமைத்த ஃபூமியோ மியெடா என்ற பொறியியலாளரும் இப்படி ஓசை நெளிவதைக் கவனித்தார். மாஸ்கோவிலிருந்து வந்த வானொலி ஓசை அலைந்து வந்ததே அவருக்குத் தூண்டுதல் என்று கூறப்படுகிறது. அவர் செய்த கருவி ‘யூனி-வைப்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1969 ஓகஸ்டில் அமெரிக்காவின் வூட்ஸ்டொக் இசைவிழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதனைப் பாவித்தார். அதன் பின் உலகெங்கும் கிற்றார் வாசிப்பவர்கள் அதைத் தேடத் தொடங்கினர்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது எளிய வேலை. நடுவில் ஒரு சிறு பல்ப் மங்கியும் பிரகாசித்தும் எரிகிறது. அதைச் சுற்றி நான்கு சிறு உறுப்புகள் உள்ளன. வெளிச்சம் பட்டால் அவை மின்னை எளிதாக விடும், இருளில் தடுக்கும். பல்ப் துடிக்கத் துடிக்க, அவற்றின் வழியே போகும் கிற்றார் ஓசை முன்னும் பின்னும் நகர்கிறது. நகர்ந்த ஓசை மூல ஓசையோடு கலக்கும்போது அந்த நெளிவு பிறக்கிறது.

ஓசையை அசைக்கும் பெடல்கள்

இவ்வாறு ஓசையை அசைக்கும் பெடல்கள் பல உண்டு. பெயர்கள் புதிதாயிருந்தாலும் ஓசைகள் எங்களுக்குப் பழகியவையே.

ட்ரெமொலோ: ஓசையின் அளவு கூடிக் குறைவது. சுழலும் மின்விசிறிக்கு முன் நின்று பேசினால் குரல் வெட்டி வெட்டி வருமே, அதுதான்.

வைப்ராற்றோ: சுருதியே சற்று ஏறி இறங்குவது. வீணையில் தந்தியை இழுத்து விடும்போது இதைக் கேட்கலாம்.

கோரஸ்: ஒரே வரியைப் பத்துப் பெண்கள் பாடும்போது ஒருவர் குரல்போல மற்றவர் குரல் இராது. அந்தச் சிறு வித்தியாசமே ஓசையைத் தடிப்பாக்குகிறது. ஒரு கிற்றாரைப் பல கிற்றார்போல ஆக்குவது இந்தப் பெடல். பொஸ் நிறுவனத்தின் முதல் கோரஸ் பெடல் 1976இல் வெளியானது.

ஃபேஸர்: வைப் பெடலின் நெருங்கிய உறவு, ஆனால் பல்ப் இல்லாமலே இயங்குவது. 1974இல் வந்த எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90 பெடலில் ஒரேயொரு திருகிதான். புதிதாகப் பழகுபவருக்கு இத்தகையது உகந்தது.

ஃப்ளாஞ்சர்: ஆகாயவிமானம் மேலே கடந்து போவதுபோல் இரைந்து சுழலும். எங்களில் சிலருக்கு அந்த இரைச்சல் பொல்லாத நினைவுகளைக் கிளப்பக்கூடும். வீட்டில் பிள்ளை பழகும்போது தாய்க்கோ அம்மம்மாவுக்கோ அது தாங்கவில்லையென்றால், அதனை வெளிப்படையாகச் சொல்லலாம். பிள்ளை வேறு பெடலில் பழகட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, 1940களில் டொனால்ட் லெஸ்லி என்ற அமெரிக்கர் ஓர்கனுக்காகச் சுழலும் ஒலிபெருக்கியைச் செய்தார். வெள்ளவத்தைக் கடற்கரையில் கோச்சி கடந்து போகும்போது அதன் ஊதல் முதலில் கூர்மையாகவும் பிறகு தாழ்ந்தும் கேட்கும். ஒலிபெருக்கி சுழன்றபோது ஓர்கனின் ஓசையும் அவ்வாறே கிட்டவும் தூரவும் போய்வந்தது. தேவாலயங்கள் பலவற்றில் அது ஒலித்தது.

எப்படிப் பாவிப்பது?

முதலில் கிற்றாரின் சுருதியைச் சரிசெய்யுங்கள். சுருதி பிசகிய கிற்றாரை எந்தப் பெடலும் காப்பாற்றாது. கிற்றாரிலிருந்து வரும் வயரைப் பெடலின் உள்வாயிலிலும், பெடலின் வெளிவாயிலிலிருந்து போகும் வயரை அம்பிளிஃபயரிலும் செருகுங்கள். செருகும்போது அம்பிளிஃபயரின் சத்தத்தைக் குறைத்துவைப்பது நல்லது.

பெரும்பாலும் இரண்டு திருகிகள் இருக்கும். ஒன்று வேகம், மற்றது ஆழம். வேகத்தை மிகக் குறைவாகவும் ஆழத்தை நடுவிலும் வைத்து ஒரு சுரக்கூட்டை மீட்டிக் கேளுங்கள். பிறகு வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மெதுவான வழிபாட்டுப் பாடலுக்கு நீண்ட அலை பொருந்தும். பைலா போன்ற துள்ளலுக்கு வேகமான அலையோ பெடலே இல்லாத தெளிந்த ஓசையோ பொருந்தும். ஆழம் மிஞ்சினால் சுருதி பிசகியதுபோல் கேட்கும். பெடலை நிறுத்தும்போதுதான் ‘அட, இவ்வளவு நேரமும் இருந்ததா’ என்று தோன்ற வேண்டும். அதுவே சரியான அளவு. பெரிய தேவாலயத்தில் எதிரொலி ஏற்கெனவே உண்டு, அங்கே இன்னும் குறையுங்கள்.

பல பெடல்களைத் தொடுப்பதானால், ஓசையைக் கரகரப்பாக்கும் பெடல் முதலில், அசைக்கும் பெடல் அடுத்து, எதிரொலிப் பெடல் கடைசியில் என்பது பொதுவான ஒழுங்கு.

வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ற் மின்னில் இயங்குபவை. அடப்டரின் நடுமுனை அநேகமாக மறையாக இருக்க வேண்டும். பெடலின் முதுகில் வட்டக் குறியாக இது காட்டப்பட்டிருக்கும். வீட்டில் கிடக்கும் ஏதோவொரு அடப்டரைச் செருகினால் பெடல் எரிந்துபோகலாம். பற்றரியில் பாவித்தால், வாசித்து முடிந்ததும் உள்வாயில் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பற்றரி வீணே தீரும்.

பழைய பெடல் வாங்கும்போது திருகிகளைச் சுற்றிப் பாருங்கள், கரகரக்கிறதா என்று கேளுங்கள். பற்றரி அறையைத் திறந்து கசிவு உண்டா என்றும் பாருங்கள். தொடர்மாடியிலும் வாடகை அறையிலும் இருப்பவர்களுக்குப் பல ஓசைகள் ஒன்றாய் அடங்கிய பெட்டி வசதி. பலவற்றில் ஹெட்போன் துளை உண்டு. பக்கத்து வீட்டாரின் முறைப்பாடு இல்லாமல் இரவிலும் பழகலாம்.

பெடல் பழுதானால் அநேகமாக ஒரு வயர் விட்டிருக்கும். ஈயம் பற்றவைக்கப் பழகியவர் மின்னைக் கழற்றிவிட்டுத் திருத்தலாம். அம்பிளிஃபயரை மட்டும் திறக்க வேண்டாம். மின்னை நிறுத்திய பின்னும் அதற்குள் ஆபத்தான அளவு மின் தங்கியிருக்கலாம்.

பெண்களின் கைகள்

கிற்றார் ஆண்களின் கருவி என்பவர்களுக்கு வரலாறே பதில் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, அமெரிக்காவின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையில் கிற்றார்களைச் செய்தவர்கள் பெண்கள். அந்த உழைப்பு நெடுங்காலம் பேசப்படவேயில்லை. ஜோன் தோமஸ் என்ற எழுத்தாளர் பழைய புகைப்படம் ஒன்றைப் பின்தொடர்ந்து, உயிரோடிருந்த பெண்களைத் தேடிச் சந்தித்து எழுதிய பிறகே அது வெளியே வந்தது. போர்க்காலத்தில் வீட்டையும் தொழிலையும் சுமந்த பெண்களின் பெயர்கள் மறைந்துபோவது எங்களுக்கும் புதிதல்லவே.

அபிகேல் யபாரா 1956 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஃபெண்டர் தொழிற்சாலையில், மின் கிற்றாரின் ஓசையைப் பிடிக்கும் காந்தச் சுருள்களைச் சுற்றினார். அவர் கைபட்ட சுருள்களைக் கலைஞர்கள் இன்று தேடி வாங்குகிறார்கள். வாசித்தவர்களில் முன்னோடியும் ஒரு பெண்ணே. சிஸ்ரர் ரோசெற்றா தார்ப் (1915 - 1973) தேவாலயத்தில் பாடிய தாயின் மகள். மின் கிற்றாரோடு பக்திப் பாடல்களைப் பாடிப் பின்வந்த பலருக்கு வழிகாட்டியானார்.

எங்கள் நாட்டிலும் 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாடலில் மின் கிற்றாரைப் பரவலாக்கினார். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் தமிழில் பொப் பாடல்களை வளர்த்தனர். அந்த வரிசையில் கருவி ஏந்திய பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சகோதரிகளே, கிற்றார் பழகினால் உடனே வருமானம் வரும் என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெடல் வாங்கவும் வேண்டாம். நான்கு குடும்பங்கள் சேர்ந்து, அல்லது பாடகர் குழு ஒன்று, ஒரு கிற்றாரும் ஒரு பெடலும் வைத்துக்கொண்டால் போதும். முறை வைத்துப் பழகலாம். அடுத்த ஒத்திகையில் உங்கள் மகளைப் பாடகர் வரிசையிலிருந்து ஒருமுறை இந்தப் பக்கம் அழையுங்கள். வேகத் திருகி எது, ஆழத் திருகி எது என்று அவளே சுற்றிப் பார்க்கட்டும்.