லெகோவில் சொந்தமாக ஒரு கட்டடம்: எங்கே ஆரம்பிப்பது, எங்கே சறுக்கும்?

ஒரே நிறத்தில் ஆறு லெகோ கட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு வரிசையில் எட்டு குமிழ்கள். இந்த ஆறையும் எத்தனை விதமாக ஒன்றோடொன்று பொருத்தலாம்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணினி உதவியோடு இதைக் கணக்கிட்டார். விடை 91,51,03,765.

ஆறு கட்டைக்கே 91 கோடி வழி. அப்படியென்றால் இரண்டாயிரம் கட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு "சொந்தமா ஒரு கட்டடம் பண்ணலாம்"னு உட்கார்ந்தால்? பெரும்பாலும் அரை மணி நேரத்தில் டப்பாவை மூடிவிடுவோம். கற்பனை இல்லாததால் அல்ல, எதை முதலில் முடிவு செய்வது என்று தெரியாததால். அந்தச் சிக்கலுக்கு நல்ல வழி 'மாடுலர்' கட்டடங்கள். பாதி முடிவுகளை அதன் விதிகளே எடுத்துவிடும். மீதிதான் உங்கள் வேலை.

மாடுலர் கட்டடம்னா என்ன?

2007-ல் லெகோ நிறுவனம் 'கஃபே கார்னர்' என்ற செட்டை வெளியிட்டது. 2,056 பாகங்கள் கொண்ட மூன்று மாடி முனைக் கட்டடம். வடிவமைத்தவர் ஜேமி பெரார்ட். லெகோ ரசிகராக இருந்து, பிறகு அந்த நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அதே ஆண்டு வந்த 'மார்க்கெட் ஸ்ட்ரீட்' செட்டை வடிவமைத்தவர் நெதர்லாந்து ரசிகர் எரிக் ப்ரோக். ஆக, இந்த வரிசையில் ஆரம்பத்திலேயே ஒரு ரசிகரின் கைவண்ணம் இருக்கிறது. பத்தாவது ஆண்டான 2017-ல் வந்த 'அசெம்ப்ளி ஸ்கொயர்' செட்டில் பாகங்கள் 4,002.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகள் மூன்று.

ஒன்று, தரை. வழக்கமான அடித்தட்டு 32-க்கு 32 குமிழ். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 8 மில்லிமீட்டர். அதாவது தட்டின் ஒரு பக்கம் சுமார் 25.6 செ.மீ. முன்பக்கம் சுமார் 8 குமிழ் ஆழத்துக்கு நடைபாதை.

இரண்டு, இணைப்பு. பக்கவாட்டுச் சுவர்களின் அடியில் துளையுள்ள டெக்னிக் கட்டைகள் இருக்கும். துளையில் ஒரு பின் செருகினால் பக்கத்துக் கட்டடத்தோடு சேர்ந்துவிடும். துளைகள் ஒரே இடத்தில் இருப்பதால் எந்தக் கட்டடத்தையும் எதன் பக்கத்திலும் வைக்கலாம்.

மூன்று, மாடிகள். ஒவ்வொரு மாடியும் தனியாகக் கழன்று வரும். உள்ளே இருக்கும் மேசை, படிக்கட்டு எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கலாம்.

இந்த மூன்றையும் மதித்தால் போதும், நீங்கள் வடிவமைத்த கடை 2007-ல் வந்த கஃபே பக்கத்தில் பொருந்தி நிற்கும். துளைகள் எந்த இடத்தில் வர வேண்டும் என்று பார்க்க செட் வாங்கத் தேவையில்லை. லெகோவின் இணையதளத்தில் செட்களின் வழிமுறைப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

சரி, செட்டையே வாங்கிவிடலாமே?

வாங்கலாம். ஆனால் தயாரிப்பு நின்றுபோன பழைய செட்கள் மறுவிற்பனையில் பல மடங்கு விலைக்குப் போகின்றன. இன்னொன்று, பாரிஸ் உணவகம், ஜாஸ் கிளப் என்று பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கத் தெருக்கள்தான் இந்த வரிசையில் இருக்கின்றன. உங்கள் மனசில் இருக்கும் கட்டடம் கடையில் கிடைக்காது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முதலில் பேப்பர், அப்புறம்தான் கட்டை

முதல் முயற்சிக்கு முழுத் தட்டு வேண்டாம். பாதி அகலம், அதாவது 16 குமிழ் போதும். முகப்பை எண்களாக எழுதிப் பாருங்கள். ஓரத் தூண் 2, கதவு 4, நடுத் தூண் 2, கடை ஜன்னல் 6, மறு ஓரத் தூண் 2. கூட்டினால் 16. கட்டம் போட்ட நோட்டில் பத்து நிமிட வேலை. கட்டையைத் தொடாமலே முகப்பு தயார்.

இங்கே பலரும் சறுக்குவது ஒற்றைப்படையில். 16 குமிழ் அகலத்தில் 4 குமிழ் கதவு சரியாக நடுவில் உட்காரும்; இரு பக்கமும் 6. ஆனால் 3 குமிழ் ஜன்னலை நடுவில் வைக்க முடியாது, அரைக் குமிழ் இடிக்கும். அதற்குத்தான் 'ஜம்பர்' என்ற பாகம். இரண்டு குமிழ் அகலம், ஆனால் நடுவில் ஒரே ஒரு குமிழ். பொருளை அரைக் குமிழ் நகர்த்தித் தரும்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு கட்டை 9.6 மி.மீ. 'பிளேட்' எனப்படும் மெல்லிய தட்டு 3.2 மி.மீ. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை. கதவின் உயரம் பொதுவாக ஆறு கட்டை. அதன் மேல் இரண்டு மூன்று கட்டை விட்டால் ஒரு மாடிக்குச் சரியாக இருக்கும்.

இன்னொரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஐந்து பிளேட்டின் உயரம் 16 மி.மீ. இரண்டு குமிழின் அகலமும் அதே 16 மி.மீ. அதனால் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாலும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். பெயர்ப் பலகை, ஜன்னல் சட்டம் போன்ற நுணுக்கமான வேலைகள் பலவும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

திரையில் நிற்கும், கையில் நிற்குமா?

அடுத்த கட்டம் கணினி. 1995-ல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் உருவாக்கிய 'எல்டிரா' இந்தத் துறையின் முன்னோடி. இன்று பலரும் பயன்படுத்துவது 'பிரிக்லிங்க் ஸ்டுடியோ'. இலவசம். பிரிக்லிங்க் என்பது உதிரிக் கட்டைகளை விற்கும் சந்தை. 2019-ல் அதை லெகோ நிறுவனமே வாங்கியது. ஸ்டுடியோவில் வரைந்து முடித்தால் எந்தப் பாகம் எத்தனை வேண்டும் என்ற பட்டியல் தானாகக் கிடைக்கும்.

ஆனால் பெரிய ஏமாற்றமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. திரையில் புவியீர்ப்பு கிடையாது. ஒரே நேர்க்கோட்டில் அடுக்கிய சுவர் அங்கே கம்பீரமாக நிற்கும். கையில் கட்டி, மாடியைத் தூக்கினால் நடுவில் பிளந்துவிடும். கொத்தனார் செங்கலை எப்படி வைப்பார்? கீழ் வரிசையின் இணைப்புக்கு மேலே அடுத்த செங்கலின் நடுப்பகுதி வரும்படி மாற்றி மாற்றி வைப்பார். லெகோ சுவருக்கும் அதே விதிதான்.

இரண்டாவது சிக்கல் அழுத்தம். திரையில் பொருந்துவதெல்லாம் கையில் பொருந்தலாம் என்று அர்த்தமில்லை. உதாரணமாக, இரண்டு குமிழ்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 3.2 மி.மீ. பிளேட்டின் தடிமனும் 3.2 மி.மீ. செருகிவிடலாம்தான். ஆனால் துளிகூட இடம் மிச்சமில்லாததால் பிளாஸ்டிக் தொடர்ந்து அழுத்தத்திலேயே இருக்கும். இப்படிப்பட்ட இணைப்புகளை ரசிகர்கள் 'சட்டவிரோதம்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் இவற்றைத் தவிர்க்கிறார்கள்.

மூன்றாவது, நிறம். திரையில் எந்தப் பாகத்துக்கும் எந்த நிறமும் பூசலாம். நிஜத்தில் எல்லாப் பாகமும் எல்லா நிறத்திலும் வந்ததில்லை. ஆசைப்பட்ட பச்சையில் அந்த வளைவு தயாரிக்கப்படவே இல்லை என்பது வடிவமைப்பு முடிந்த பிறகு தெரிந்தால், முகப்பையே மாற்ற வேண்டிவரும். நிறத்தை முடிவு செய்யும் முன் அது கிடைக்கிறதா என்று ஸ்டுடியோவிலேயே பார்த்துவிடுங்கள்.

பாக்கெட்டைக் காப்பாற்றுவது எப்படி?

செலவைத் தீர்மானிப்பது கட்டைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. அபூர்வமான நிறத்தில் இருபது ஜன்னல்கள், சாதாரண வெள்ளைச் சுவர் முழுவதையும்விட அதிக விலைக்குப் போகலாம். எனவே வெளியே தெரியும் இடத்துக்கு மட்டும் நல்ல நிறம். சுவரின் உள்பக்கம், தரைக்கு அடியில், கூரைக்குள் எல்லாம் கையில் இருக்கும் எந்த நிறமும் போதும்.

உதிரியாக வாங்கும்போது பத்து விற்பனையாளர்களிடம் பத்து பார்சல் போட்டால் தபால் செலவே கழுத்தை நெரிக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் ஓரிரு கடைகளில் மொத்தமாக வாங்குவதே பெரும்பாலும் லாபம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மற்ற நிறுவனங்களின் கட்டைகளை வாங்கலாமா? 1958-ல் பதிவான அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அந்த வடிவத்துக்கு வணிகக் குறி உரிமை கேட்ட முயற்சிகளை 2005-ல் கனடா உச்ச நீதிமன்றமும், 2010-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் ஏற்கவில்லை. அதனால் பொருந்தக்கூடிய கட்டைகளைப் பிற நிறுவனங்களும் விற்கின்றன. தரம் ஆளுக்கு ஆள் மாறும். முதலில் சின்ன பாக்கெட் வாங்கி, பிடிப்பு எப்படி என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆர்டர் போடும் முன் ஒரு சோதனை

முழுப் பட்டியலையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். தரைத்தளத்தின் ஒரு மூலை, அதன் மேல் மாடியின் ஒரு துண்டு. இதை மட்டும் கையில் இருக்கும் கட்டைகளால் கட்டுங்கள், நிறம் எதுவானாலும் பரவாயில்லை. தரைத்தளச் சுவரின் உச்சியில் குமிழ் இல்லாத வழவழப்பான 'டைல்' பதித்து, மூலைக்கு ஒன்றிரண்டு குமிழ்களை மட்டும் வெளியே விடுங்கள். மாடி அசையாமல் உட்கார அது போதும்.

இப்போது மாடியைத் தூக்கிப் பாருங்கள். அது மட்டும் தனியாக வந்தால் ஆர்டர் போடலாம். கீழ்ச்சுவரும் கூடவே பெயர்ந்து வந்தால் குமிழ்களைக் குறைத்து மறுபடி கட்டுங்கள். அந்தத் தவறுக்கு இப்போது செலவு ஐந்து நிமிடம்தான்.