சிறுநீர்க் கசிவு: சோதனையின் பயனும் செலவும்

இருமும்போதும் சுமை தூக்கும்போதும் சிறுநீர் கசிதல் மகப்பேறு கண்ட பெண்கள் பலரை வாட்டும் குறையாகும். நாணத்தால் பலர் அதை வெளியிடுவதில்லை. நெடுமங்காட்டிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனைக்கு வரும் கூலித்தொழிலாளிப் பெண்ணுக்குச் சோதனைக் கட்டணம் மட்டுமன்று, பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் செலவே.

முதற்படிச் சோதனைகள் எளியவை: நோய் வரலாறு, சிறுநீர்ப் பரிசோதனை, இருமல் சோதனை, கழித்தபின் எஞ்சும் சிறுநீரின் அளவை அறிதல். மெல்லிய குழாய் செலுத்திச் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனைக்கோ விலையுயர்ந்த கருவியும் பயிற்சி பெற்றோரும் தேவை.

இச்செலவு பயன் தருகிறதா? அமெரிக்காவில் 630 பெண்களிடம் நடத்தப்பெற்று 2012-ல் வெளியான ஆய்வு இதை ஆராய்ந்தது. அறுவைக்குமுன் இச்சோதனை செய்யப்பெற்றோரில் 76.9 விழுக்காட்டினரும், எளிய சோதனைகளோடு நின்றோரில் 77.2 விழுக்காட்டினரும் ஓராண்டில் நலம் கண்டனர்.

சிக்கலற்ற கசிவுக்கே இம்முடிவு பொருந்தும். முன்பே அறுவை செய்துகொண்டோர், நரம்பு நோயுற்றோர், சிறுநீர் முழுதும் கழியாதோர் ஆகியோருக்குக் கருவிச் சோதனை வழிகாட்டும்.

சிகிச்சை முடிவை மாற்றுவதிலேயே சோதனையின் மதிப்பு அடங்கியுள்ளது. மாற்றாத சோதனைக்கு ஆகும் பணத்தை, இடுப்புத்தசைப் பயிற்சியைச் சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பிப்பதில் செலவிடுதலே உண்மையான சிக்கனமாகும்.