தோற்பட்டறை கூறும் சான்று

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த பிக்ட் மக்களுக்கு, ‘வண்ணம் தீட்டியோர்’ எனப் பொருள்படும் அப்பெயர் கி.பி. 297இல் உரோமானியர் ஏட்டில் முதன்முதல் காணப்படுகிறது. அயலார் இட்ட பெயரே நிலைத்துவிட்டது! அவர்தம் நூல்கள் நம் கைக்கு எட்டாமையால், கல்வியறியாப் போர்க்குடியினர் என்று அவர்களை எண்ணுவோர் பலர்.

போர்ட்மஹோமாக் என்னும் கடலோரச் சிற்றூரில் 1994 முதல் மார்ட்டின் கார்வர் தலைமையில் நிகழ்ந்த அகழாய்வு இவ்வெண்ணத்தை அசைத்தது. அங்கே 8ஆம் நூற்றாண்டில் விளங்கிய கிறித்தவ மடத்தில், கன்றுத்தோலை எழுதுதோலாகப் பதனிடும் பட்டறை வெளிப்பட்டது. மயிர் நீக்கும் வளைகத்தி, எலும்பு முளைகள், கூழாங்கற்கள் ஆகியன கிடைத்தன. ஈரத்தோலின் ஓரத்தில் கூழாங்கல்லைப் பொதிந்து, அதன்மேல் கயிற்றைச் சுற்றிச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவர், தோல் கிழியாது. நூல் படியெடுக்கும் இடத்திற்கன்றி இத்துணை உழைப்பு வேண்டுவதில்லை.

கி.பி. 800ஐ ஒட்டிப் பட்டறை தீக்கிரையானது. சிற்பக் கற்களும் உடைக்கப்பட்டன. வைக்கிங்கர் செயலாகலாம் என்பர். அங்கு எழுதப்பெற்றது இதுவெனச் சுட்ட ஒரு நூலும் இன்றில்லை.